மழையில் நனையும் மேடைக்கு எந்த லைட் வாங்குவது? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் மழைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பகலெல்லாம் சும்மா இருந்துவிட்டு, நாற்காலி போட்டு மைக் டெஸ்ட் பண்ணும் நேரம் பார்த்து வரும். ஏப்ரல், மே மாதத்து இடிமழையும் அப்படித்தான், செப்டம்பர் மழையும் பெரும்பாலும் அப்படித்தான். அல்சூர், ஸ்ரீராம்புரம், மர்ஃபி டவுன் பக்கத்துத் திருவிழா மேடைகள், ஒயிட்ஃபீல்டு பக்கத்து ஹோட்டல் புல்வெளிகள், அபார்ட்மென்ட் பொங்கல் விழாக்கள் என்று லைட் போட்டுத் தருவது என் தொழில். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். சொந்தமாக வாங்கப்போகிறவர்களுக்கும் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் பொதுவானவை.

பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

போதாது. அது கடைக்காரர் வார்த்தை. நீங்கள் தேட வேண்டியது ‘ஐபி’ என்ற எழுத்துகளும் அதற்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கங்களும். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருவது இது. முதல் இலக்கம் விரல், தூசி போன்றவை உள்ளே போகாமல் தடுப்பதற்கு, 0 முதல் 6 வரை. இரண்டாவது தண்ணீருக்கு, 0 முதல் 9 வரை.

மண்டபத்துக்குள் போடும் சாதாரண லைட் பெரும்பாலும் ஐபி 20. விரல் உள்ளே போகாது, அவ்வளவுதான். தண்ணீர் விஷயத்தில் அதற்குப் பூஜ்யம். இரண்டாவது இலக்கம் 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் 6.3 மி.மீ. வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். 6 என்றால் அதே பீய்ச்சல், ஆனால் 12.5 மி.மீ. வாய், நிமிடத்துக்கு 100 லிட்டர்.

கூரை இல்லாத மேடைக்கு 65 வேண்டும். நல்ல கூரை இருந்து, காற்றில் அடித்துவரும் சாரல் மட்டும் படும் என்றால் 54 போதும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அந்தப் பரிசோதனை புது லைட்டுக்கு, சாதாரணத் தண்ணீரில் நடந்தது. மூன்று வருஷம் வெயிலில் காய்ந்த ரப்பர், லாரியில் குலுங்கிக் கழன்ற ஸ்க்ரூ, மெக்கானிக் திறந்து மூடிய மூடி இவற்றுக்கெல்லாம் அந்த எண் பொறுப்பேற்காது.

65-ஐ விட 67 பெரிய எண்தானே, அதையே வாங்கிவிடலாமா?

இரண்டும் வேறு வேறு பரீட்சை. 5, 6 என்பவை பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு. 7 என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைப்பதற்கு. முங்கி எழுந்த லைட் பீய்ச்சலையும் தாங்கும் என்று சொல்ல முடியாது; இரண்டிலும் தேறியிருந்தால் ‘66/67’ என்று சேர்த்தே போட்டிருப்பார்கள்.

67 தேவைப்படும் இடம் தரை. தென்னை மரத்தடியில் மேல்நோக்கிப் பதிக்கிறீர்கள், புல்வெளியில் குழி எடுத்து வைக்கிறீர்கள் என்றால், மழை நின்ற பிறகும் கண்ணாடி மேல் தண்ணீர் குளம் கட்டி நிற்கும். அங்கே 65 வைத்தால் சில மாதத்தில் கதை முடிந்துவிடும். குழிக்கு அடியில் ஜல்லி போட்டுத் தண்ணீர் இறங்க வழி விடுங்கள். மேலே டிரஸ்ஸில் (லைட் மாட்டும் உலோகச் சட்டத்தில்) தொங்கும் லைட்டுக்கு 67 தேடி அலைய வேண்டாம்.

எல்லா லைட்டும் ஐபி 65 வாங்க எங்கள் கமிட்டிக்குக் கட்டுப்படியாகாது. சாதாரண லைட்டுக்கு பிளாஸ்டிக் கவர் போட்டால் என்ன?

எல்லோரும் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், இரண்டு லைட்டைக் காவு கொடுத்திருக்கிறேன்.

சாதாரண மூவிங் ஹெட்டை, அதாவது தலை தானாகத் திரும்பும் மேடை லைட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி பீம் லைட்டாக இருந்தாலும் நம் ஆட்களுக்கு அது ‘ஷார்பி’தான். அதன் உள்ளே ஃபேன் இருக்கிறது. வெளிக்காற்றை இழுத்துச் சூட்டைத் தள்ளுவது அதன் வேலை. கவர் போட்டால் அதே சூடான காற்றைத்தான் மறுபடி மறுபடி இழுக்கும். கொஞ்ச நேரத்தில் லைட் தானாக அணையும். அணையவில்லை என்றால் இன்னும் மோசம். கவர் போடுவதானால் லைட்டை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். அதாவது, நிகழ்ச்சி நடக்கும்போது கவர் உதவாது.

அதற்காக எல்லாவற்றையும் 65-ஆக வாங்கவும் வேண்டியதில்லை. மேடைக்குக் கூரை இருந்தால், நடுவில் கூரைக்கு அடியில் தொங்குபவை சாதாரண லைட்டாக இருக்கட்டும். முன் டிரஸ், இரண்டு பக்கத்து டவர், தரையில் வைக்கும் லைட் இவற்றைத்தான் மழை முதலில் பிடிக்கும். பணத்தை அங்கே போடுங்கள். ஐபி 65 பார் லைட் (தலை திரும்பாமல் ஒரே பக்கம் அடிக்கும் உருண்டை லைட்) ஓரளவு மலிவு. அதே 65-இல் மூவிங் ஹெட் என்றால் விலை எங்கேயோ போய்விடும், கனமும் கூடும். உடம்பு முழுக்க மூடி சீல் செய்து, அலுமினிய உடம்பு வழியாகவே சூட்டை இறக்க வேண்டியிருப்பதால் அப்படி. டிரஸ் தாங்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கூரை என்று நான் சொன்னது உண்மையான கூரையை. தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தால், கால் மணி நேர மழையில் நடுவில் தொப்பை விழும். யாராவது ஒரு பையன் மூங்கிலால் அந்தத் தொப்பையைக் குத்தித் தூக்குவான். அத்தனை தண்ணீரும் ஒரே வீச்சில் உங்கள் டிரஸ் மேல்தான் கொட்டும். கூரையைச் சரிவாகக் கட்டச் சொல்லுங்கள்.

கடையில் நிற்கிறேன். கையில் ஒரு பார் லைட்டைக் கொடுத்து 65 என்கிறார். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

பெங்களூர் எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் கையாலும் கண்ணாலும் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

முன் கண்ணாடியின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். கேஸ்கட் ரப்பர் ஒரே சீராக, ஒட்டு இல்லாமல் ஓட வேண்டும். ரப்பருக்குப் பதில் சிலிக்கான் பசையை அப்பியிருந்தால், முதல் ரிப்பேருக்குத் திறந்த நாளோடு அந்த 65 போய்விட்டது. ஸ்க்ரூக்கள் நெருக்கமாக இருக்கின்றனவா பாருங்கள். நாலே மூலையில் நாலு ஸ்க்ரூ என்றால் நடுவில் ரப்பர் அழுந்தாது. கேபிள் உடம்புக்குள் நுழையும் இடத்தில் திருகி இறுக்கும் கிளாண்ட் இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சின்ன வட்ட வால்வு இருந்தால் நல்ல அறிகுறி. அது எதற்கு என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கடைசியாக, மூடிகள். கேபிள் செருகாத ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் திருகும் மூடி வர வேண்டும். வரிசையில் கடைசி லைட்டின் அவுட்புட் மூடி இல்லாமல் திறந்து கிடந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஐபி 65 லைட் இல்லை. இந்த மூடிதான் முதல் நிகழ்ச்சியிலேயே தொலையும் பொருள். வாங்கும்போதே பத்து உபரி கேளுங்கள்.

பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள். நல்ல கம்பெனி கொடுக்கும். கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் விடை கிடைத்துவிட்டது.

மழை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனாலும் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிகிறதே?

பொங்கல் சமயத்தில் இந்தப் புகார் அதிகம் வரும், மழையே இல்லாத மாதத்தில். லைட் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. அணைத்ததும், அல்லது திடீர் மழையில் உடம்பு சடாரென்று குளிர்ந்ததும், அந்தக் காற்று சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே வெளியிலிருக்கும் ஈரக்காற்றை உறிஞ்சுகிறது. ராத்திரி குளிரில் அந்த ஈரம் கண்ணாடியில் பூக்கிறது. இப்படி நூறு தடவை நடந்தால் உள்ளே சர்க்யூட் போர்டில் பச்சை பூத்துவிடும்.

அந்த வட்ட வால்வு இதற்குத்தான். அதில் இருக்கும் மெல்லிய சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. அழுத்தம் அதன் வழியாகச் சமனாகிவிடுவதால் ரப்பர் இடுக்கில் ஈரம் உறிஞ்சப்படுவதில்லை. அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். தண்ணீர் போகும் ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்த ஒரு புண்ணியவானையும் பார்த்திருக்கிறேன்.

லேசான பனி, லைட்டை அரை மணி எரியவிட்டால் போய்விட்டது என்றால் கவலை வேண்டாம். சொட்டாக உருண்டு கீழே தேங்கினால் கேஸ்கட் போயிருக்கிறது. கழற்றி, காய வைத்து, ரப்பரை மாற்றுங்கள். பழைய ரப்பரையே மறுபடி போடுவது வீண்வேலை.

நல்ல லைட்தான் வாங்கினோம். முதல் மழையிலேயே மேடை முழுக்க இருட்டு. லைட் கம்பெனிமேல் புகார் கொடுக்கலாமா?

அதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். நான் பார்த்தவரை மழையில் சாகும் லைட்டைவிட மழையில் சாகும் இணைப்புதான் அதிகம்.

ஒரு ஹோட்டல் புல்வெளியில் எனக்கே நடந்தது. பன்னிரண்டு பார் லைட், எல்லாம் அசல் 65. கரன்ட் எடுத்தது மட்டும் வீட்டில் போடும் சாதாரண மூணு பின் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும். என்னிடம் வேலை பார்த்த பையன் அக்கறையாக அந்த இணைப்பைப் பாலித்தீன் பையில் போட்டு, வாயை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிப் புல்லில் வைத்திருந்தான். மழை பெய்தது. கேபிள் வழியாக ஓடி வந்த தண்ணீர் டேப் சுற்றிய வாய்க்குள் இறங்கியது. வெளியே போக வழியில்லை. போய்ப் பார்த்தபோது, திருவிழாக் கடையில் மீன் வாங்கி வரும் பை மாதிரி முக்கால் பை தண்ணீர், நடுவில் பிளக் மிதக்கிறது. நல்லவேளை பிரேக்கர் விழுந்திருந்தது.

எனவே: வெளியே ஓடும் கரன்ட்டுக்கு இண்டஸ்ட்ரியல் பிளக் போடுங்கள். நீல நிறத்தில், 16 ஆம்பியர், மூடியுள்ள வட்டச் சாக்கெட். ஐபி 44-லும் 67-லும் கிடைக்கிறது. தரையில் கிடக்கும் என்றால் 67. லைட்டிலிருந்து லைட்டுக்குப் போகும் பவர் கேபிளில் பழைய நீல, சாம்பல் நிறப் பவர்கான் என்னும் பூட்டு பிளக் வெளியிடத்துக்கு ஆகாது. அதிலேயே ட்ரூ1 என்ற வகைதான் செருகிப் பூட்டிய நிலையில் 65 தாங்கும். செருகிப் பூட்டிய நிலையில் என்பதுதான் முக்கியம்: ‘க்ளிக்’ சத்தம் கேட்டால் ஒழிய விடாதீர்கள்.

எந்த இணைப்பும் தரையில் படக்கூடாது. ஒரு செங்கல் உயரமாவது தூக்கி வையுங்கள். பையில் போட்டு மூடுவதற்குப் பதில் மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தால் போதும், கீழே திறந்திருக்கும், தண்ணீர் தங்காது. லைட்டுக்குள் நுழையும் கேபிள், நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு முழம் தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். கேபிளில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், லைட்டுக்குப் போகாது. காசு செலவில்லாத வேலை இது.

மழை தூறினாலே ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. நிகழ்ச்சி நடக்கும்போது மட்டும் அதைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிடலாமா?

கூடாது. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்று கன்னடத்தில் இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதைக் கேட்காதீர்கள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நிற்கும் நடனக் குழந்தைக்கும் டிரஸ் கம்பிக்கும் நடுவில் இருக்கும் ஒரே காவல் அந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இஎல்சிபி என்று பழைய பெயரில் சொல்பவர்களும் உண்டு.

ஏன் விழுகிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு எல்இடி லைட்டின் பவர் சப்ளையும் பழுதே இல்லாத நிலையிலும் கொஞ்சம் கரன்ட்டை எர்த்துக்குக் கசியவிடும். ஒரு லைட்டுக்கு 1 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது லைட்டை ஒரே ஆர்சிசிபியில் மாட்டினால் 20 ஆகிவிட்டது. 30 என்று எழுதியிருந்தாலும், 15-ஐத் தாண்டினால் அது எப்போது வேண்டுமானாலும் விழலாம். தரமே அப்படித்தான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் ஈரத்தில் கசிவது வேறு. ஆக, ஆர்சிசிபியில் குறை இல்லை, நீங்கள் வரிசை கட்டியதில்தான் குறை.

ஆறேழு லைட்டுக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்று பிரித்துப் போடுங்கள். இடது டவருக்கு ஒன்று, வலது டவருக்கு ஒன்று, முன் டிரஸ்ஸுக்கு இரண்டு. ஒன்று விழுந்தாலும் மேடை முழுக்க இருட்டாகாது. எந்த மூலையில் கோளாறு என்றும் உடனே தெரியும். மின்னணுச் சாதனங்கள் என்பதால் ‘ஏ’ டைப் கேட்டு வாங்குங்கள். மெயினில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். உயிரைக் காப்பது 30 மட்டும்தான்.

ஜெனரேட்டரில் ஓட்டுகிறோம். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. அப்போது சரிதானே?

இதுதான் பலருக்கும் தெரியாத பொறி. டெஸ்ட் பட்டன் ஆர்சிசிபியின் இயந்திரம் வேலை செய்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கரன்ட் விட்டுப் பார்க்கிறது அது. எர்த் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் தனியே மிதந்துகொண்டிருந்தால், லைட்டின் உடம்பில் கரன்ட் ஏறினாலும் அது திரும்பிப் போக வழியில்லாததால் ஆர்சிசிபி விழாது. பட்டனை அழுத்தினால் மட்டும் அழகாக விழும்.

ஜெனரேட்டர் ஆளிடம் நியூட்ரல் எர்த் எங்கே என்று கேளுங்கள். கையால் காட்டச் சொல்லுங்கள். ராடு அடித்து வயர் இறுக்கியிருக்க வேண்டும். செங்கல்லில் சுற்றிய வயரைக் காட்டினால் அது எர்த் இல்லை. டிரஸ், டவர், மேடை இரும்பு எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேருங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் பார்த்துவிட்டே லைட்டை ஏற்றுங்கள்.

சின்ன மேடைக்கு எத்தனை லைட், என்ன லைட்?

24 அடிக்கு 16 அடி மேடை, பேச்சு, பரதநாட்டியம், கொஞ்சம் ஆர்கெஸ்ட்ரா என்று வைத்துக்கொண்டால், முன்னால் ஆறு வார்ம் வொயிட், மேலேயும் பக்கத்திலும் எட்டு கலர் பார். இதுவே தாராளம். பீம் லைட் கடைசியில், காசு மிஞ்சினால். முகம் தெரியாத மேடையில் வானத்தில் கோடு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் இளைஞர் சங்கத்தில் யாரும் கேட்பதில்லை.

கலர் பார் லைட்டிலேயே வெள்ளையை எரியவிட்டு முகத்துக்கு அடிக்காதீர்கள். மாநிற முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும்; அரக்குப் பட்டு பழுப்பாகத் தெரியும். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற எண்) 90-க்கு மேல் உள்ள 3200 கெல்வின் வார்ம் வொயிட் லைட்டைக் கேளுங்கள். கடையிலேயே ஒரு சோதனை: லைட்டின் அளவைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, போனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாகத் துடித்தால் உங்கள் வீடியோகிராஃபர் உங்களைத் திட்டுவார்.

லைட்டுகள் தானாகவே ஆடுகின்றன, கலர் மாறுகிறது. பேய் பிடித்ததா?

டிஎம்எக்ஸ் கேபிளில் தண்ணீர். லைட்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் கம்பி அது. அதன் எக்ஸ்எல்ஆர் முனையில் ஈரம் ஏறினால் கட்டளை குழம்பிவிடும். ரப்பர் வளையம் வைத்த, திருகிப் பூட்டும் வகைக் கேபிள் வாங்குங்கள். வரிசையின் கடைசியில் 120 ஓம் டெர்மினேட்டர் (கட்டளை எதிரொலித்துத் திரும்பாமல் தடுக்கும் முனை) போடுங்கள். ஒரே வரிசையில் 32 லைட்டுக்கு மேல் கோக்காதீர்கள். வயர்லெஸ் நல்லதுதான், ஆனால் பெரும்பாலானவை வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஆயிரம் பேர் போனோடு வந்து உட்கார்ந்த பிறகு அது எப்படி நடக்கும் என்பது மதியம் செய்த டெஸ்டில் தெரியாது.

லைட்டுகளை இயக்கும் கன்சோலுக்கு ஐபி கிடையாது. அதற்குத் தனிக் கூடாரம்.

மழையைவிடக் காற்றுக்குத்தான் பயமாக இருக்கிறது. டிரஸ் நிற்குமா?

சரியான பயம். கட்டட வடிவமைப்புக்கான ஐஎஸ் 875 பெங்களூருக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 33 மீட்டர். மும்பைக்கு 44. நாம் சாதுவான ஊரில்தான் இருக்கிறோம். ஆனாலும் 33 மீட்டர் என்பது மணிக்கு ஏறக்குறைய 119 கி.மீ. மே மாதம் மரம் விழாத வருஷம் உண்டா?

லைட்டைக் காற்று அதிகம் பிடிக்காது. பிடிப்பது அதன் பின்னால் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனர். 20-க்கு 12 அடி ஃப்ளெக்ஸில் மணிக்கு 36 கி.மீ. காற்று நேராக மோதினால் சுமார் 140 கிலோ தள்ளும். காற்று இரண்டு மடங்காகி 72 ஆனால் தள்ளுவது இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: 550 கிலோவுக்கு மேல். பாய்மரம் கட்டிய டிரஸ் அது. லைட் டிரஸ்ஸில் ஃப்ளெக்ஸ் கட்ட நான் சம்மதிப்பதில்லை; தனிச் சட்டம் போடச் சொல்வேன். அதிலும் முடிச்சு போடாமல், இழுத்தால் அவிழும்படி கட்டச் சொல்வேன்.

ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் போக, தனியாக ஒரு இரும்புச் சேஃப்டி கம்பி கட்டாயம். கயிறு கணக்கில் வராது.

நிகழ்ச்சி நடுவில் மழை வந்தால் எப்போது நிறுத்துவது?

தூறலுக்கு நிறுத்த வேண்டாம், மேலே சொன்னபடி எல்லாம் இருந்தால். இடிக்கு நிறுத்துங்கள். மின்னல் தெரிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. மைதானத்தில் உயரமான இரும்பு உங்கள் டிரஸ்தான். ஆட்களை டவரிலிருந்து இறக்குங்கள், மேடையைக் காலி பண்ணுங்கள், கூட்டத்தைக் கட்டடத்துக்குள் போகச் சொல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் திரும்ப ஏற வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி மின்னல் பக்கத்தில் வருவதைக் காட்டும். கமிட்டியில் ஒருவர் அதைப் பார்ப்பதற்கென்றே இருக்கட்டும், அவர் கையில் மைக் வேண்டாம்.

அணைக்கும்போது மேடை லைட்டுகளை முதலில், கூட்டம் வெளியேறும் வழியின் விளக்கைக் கடைசியில். இதை மாற்றிச் செய்து, இருட்டில் நாற்காலிகள் உருண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த வழி விளக்குகளுக்குத் தனி லைன் வேண்டும்.

இதே லைட்டுகளை பாண்டிச்சேரி கடற்கரைக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். ஐபி எண்ணுக்கும் உப்புக்காற்றுக்கும் சம்பந்தமில்லை. ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலா என்று பாருங்கள். அங்கேயே நிரந்தரமாக வைப்பதென்றால் கடலோரத்துக்கென்று பூச்சு போட்டவை தனியாக உண்டு.

வாங்குவதா, வாடகையா?

வருஷத்துக்கு மூன்று நிகழ்ச்சி நடத்தும் சங்கம் என்றால் வாடகை. லைட்டைவிட அதை வைக்கும் இடமும் பார்த்துக்கொள்ளும் ஆளும்தான் செலவு. வாரம் ஒரு நிகழ்ச்சி நடக்கும் புல்வெளி என்றால் பார் லைட்டுகளையும் கேபிளையும் வாங்கிவிட்டு, மூவிங் ஹெட்டை மட்டும் வாடகைக்கு எடுங்கள். கேபிளுக்கும் பிளக்குக்கும் பட்ஜெட்டில் கால் பங்கு ஒதுக்குங்கள் என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பாலித்தீன் பையைப் பார்த்திருந்தால் சிரிக்கமாட்டார்கள்.

மழை முடிந்தது, லைட்டுகள் தப்பித்துவிட்டன. அப்படியே பெட்டியில் போட்டு ஏற்றிவிடலாமா?

ராத்திரி ஒரு மணிக்கு அப்படித்தான் தோன்றும். ஏற்றுங்கள், ஆனால் மறுநாள் காலை திறந்துவிடுங்கள். ஈரத்தோடு பூட்டிய பெட்டி ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும், பின்கள் கறுக்கும். கேபிளை வெயிலில் நேராகப் போடாமல் நிழலில் தொங்கவிடுங்கள். ஹை பிரஷர் வாஷர் வைத்துக் கழுவ வேண்டாம், 65 அதற்கல்ல. ஈரத்துணி போதும்.

முதல் மழைக்குப் பிறகு என்றால் ஈசலும் இருக்கும். ஃபேன் வைத்த லைட்டுகளில் அவை உள்ளே போய் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நிகழ்ச்சியில் சுவரில் பெரிய பெரிய இறக்கை நிழல் தெரியும். திறந்து, ஃபேன் வலையை பிரஷ்ஷால் தட்டுங்கள். சீல் செய்த 65-இல் இந்தத் தொல்லை இல்லை, கண்ணாடிக்கு வெளியே ஒட்டியதைத் துடைத்தால் முடிந்தது. துடைக்கும்போதே கேஸ்கட்டை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, தொலைந்த மூடிகளை எண்ணி, இப்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள்.